மணிக்கட்டு நோவுக்கு மவுஸ் வாங்கும்போது விடக்கூடாத பிழைகள்

எங்கள் கந்தோரில் பக்க வடிவமைப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், சில மாதங்களிலேயே வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொள்ளத் தொடங்குகிறார்கள். அடுத்த சம்பளத்தில் மேசைக்கு ஒரு புது மவுஸ் வரும். நோவு போகாது. அந்த வயதில் நாங்கள் விட்ட பிழைகளைத்தான் இவர்களும் விடுகிறார்கள். இடையில் எழுந்து நட, கையை நீட்டி மடக்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோவு எந்தப் பக்கம் என்று பாராமல் வாங்குவது

எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத பிழை இதுதான். "மணிக்கட்டு நோகுது" என்றதும் பக்கத்து மேசைக்காரர் ட்ராக்போலை, அதாவது இருந்த இடத்திலேயே இருக்க, மேலுள்ள பந்தைப் பெருவிரலால் உருட்டும் மவுஸைக் கைகாட்டுவார். கையை அசைக்கத் தேவையில்லை, மணிக்கட்டுக்கு ஓய்வு என்பார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கை செய்துவந்த வேலை அவ்வளவும் பெருவிரலின் தலையில் விழுகிறது.

பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஓர் ஒடுங்கிய உறைக்குள்ளால் போகின்றன. உறை தடித்தால் நாண்கள் உரசி நோகும். சுவிட்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் பிரிட்ஸ் டி குவெர்வேன் 1895இல் விவரித்த நோய் இது. இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நோவது மணிக்கட்டு, பாடுபடுவது பெருவிரல். இது தெரியாமல் பெருவிரல் பந்தை வாங்கினால் நோவைக் காசு கொடுத்துக் கூட்டுகிறோம்.

எங்களோடு வேலை செய்த ஒரு தங்கச்சிக்கு இதுதான் நடந்தது. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பெருவிரலால் போனைத் தட்டிக்கொண்டே வருவாள். ட்ராக்போல் வாங்கிக் கொஞ்ச நாளில், "அக்கா, முந்தியைவிடக் கூடத்தான் நோகுது" என்று வந்து நின்றாள். பெருவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையை மெல்லச் சின்னவிரல் பக்கம் சரிக்கச் சொன்னேன். பாதி சரிக்க முன்னமே முகம் சுருங்கிக் கையை இழுத்துக்கொண்டாள். வைத்தியரும் அதே நோயைத்தான் சொன்னார். பெட்டி பிரித்த சாமானைக் கடை திருப்பி எடுக்கவில்லை. அது லாச்சிக்குள் போனது. காசு போனால் போகட்டும், ஆறியிருக்க வேண்டிய கை அல்லவா!

பெருவிரல் பக்கம் நோகிறவர்கள் லொஜிடெக் எம்575, எம்எக்ஸ் எர்கோ போன்ற பெருவிரல் பந்து வகையைத் தொடவே வேண்டாம். ட்ராக்போல்தான் வேண்டும் என்றால் கென்சிங்டன் எக்ஸ்பேர்ட், ஸ்லிம்பிளேட் போல நடுவில் பந்துள்ளதைப் பாருங்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் உருட்டும், இடக்கைக்கும் மாற்றலாம். ஒன்று மட்டும் கவனம்: அவற்றிலும் இடது கிளிக் பெருவிரலுக்குத்தான் விழும். வந்த அன்றே மென்பொருளில் அதை வேறு பொத்தானுக்கு மாற்றிவிடுங்கள்.

உள்ளங்கையைக் கவிழ்த்தே வைத்திருந்து முன்கை நோகிறவர்களுக்கு, கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் வேர்ட்டிகல் மவுஸ் நல்லது. சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்தால் அது முழங்கை வழியாக வரும் வேறு நரம்பு. மவுஸ் தேடப் போக முன், முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள்.

கையை அளக்காமல் கடைக்குப் போவது

மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். லொஜிடெக்கின் வேர்ட்டிகல் மவுஸ்களில் லிஃப்ட் சுமார் 19 செ.மீ. வரையான கைகளுக்கு, எம்எக்ஸ் வேர்ட்டிகல் அதைவிடப் பெரிய கைகளுக்கு. சாய்வு இரண்டிலும் 57 பாகைதான். பெரிய மவுஸைச் சின்னக் கை இறுக்கித்தான் பிடிக்கும், அந்த இறுக்கமே புது நோவாகும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் பல வகையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் போதாது, அழுத்தியும் பாருங்கள். கிளிக் செய்யும்போது மவுஸ் பக்கவாட்டில் நகர்ந்தால் அது உங்களுக்குச் சரிவராது.

மேசையை அப்படியே விட்டுவிடுவது

மேசை உயரம் என்றால் எந்த மவுஸிலும் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். கதிரையை உயர்த்துங்கள். கால் தொங்கினால் கீழே இரண்டு ஏ4 கடதாசிக் கட்டுகளை வையுங்கள். அப்புறம், வலப்பக்கம் இலக்கப் பகுதியுள்ள நீண்ட கீபோர்ட் மவுஸைத் தூரத் தள்ளித் தோளையும் இழுக்கும். கணக்கு வேலை இல்லாதவருக்கு அது தேவையே இல்லை.

முதல் நாளே முழுதாக மாறுவது

வேண்டாம். பழைய மவுஸும் ஒரு கிழமை மேசையில் இருக்கட்டும்.

பந்தைக் கழற்றித் துடைக்காதது

கொழும்பு வியர்வையும் தூசியும் சேர்ந்து, பந்தைத் தாங்கும் குட்டி மணிகளில் சாம்பல் நிறத்தில் திரண்டு ஒட்டும். பந்து இறுகும், விரல் தன்னை அறியாமல் அழுத்தும். பெருவிரல் வகையில் அடித்துளையால் பென்சிலை விட்டுத் தள்ளினால் பந்து வந்துவிடும். நடுப்பந்து வகையில் அப்படியே தூக்கி எடுக்கலாம். மணிகளை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இரவு விறைப்பையும் மவுஸின் கணக்கில் போடுவது

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்துத் தூக்கம் கலைகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மவுஸுக்கு எடுத்துவைத்த காசோடு முதலில் வைத்தியரிடம் போங்கள்.