அரபியிலிருந்து இந்தோனேசியத்துக்கு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அரபியிலிருந்து பஹாசா இந்தோனேசியாவுக்கு மொழிபெயர்க்க வரும் புதியவர்களின் வரைவுகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. சொல்லெல்லாம் சரியாக இருந்தும் சொன்ன விஷயம் மாறிப்போகிறதே, அதைப் பற்றித்தான்.

‘இன்ன’வைக் கண்டதும் ‘செசுங்குஹ்ன்யா’ போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இது. ‘இன்ன’ என்பது அரபி வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ஓர் அழுத்தச் சொல். ‘செசுங்குஹ்ன்யா’ என்றால் இந்தோனேசியத்தில் ‘மெய்யாகவே’. ஜாவாவின் பெசந்திரேன் மதரசாக்களில் அரபு நூலின் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஜாவானிய மொழியில் பொருள் எழுதிப் படிப்பார்கள். ‘இன்ன’வுக்கு அங்கே எப்போதும் ‘மெய்யாகவே’ என்கிற ஒரே பொருள்தான். இலக்கணம் மனதில் பதிய அருமையான முறை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு வணிகக் கடிதத்துக்கு வந்தால் கதை கெடும்.

11ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி பதிவு செய்த ஒரு பழைய உரையாடல் உண்டு. தத்துவஞானி அல்கிந்தி, இலக்கண அறிஞர் அபுல் அப்பாஸிடம் போய், “அரபியில் வெட்டிச் சொற்கள் இருக்கின்றன. ‘அப்துல்லா நிற்கிறார்’ என்கிறார்கள், அதையே ‘இன்ன’ சேர்த்துச் சொல்கிறார்கள், அப்புறம் ‘இன்ன’வோடு ‘ல’ என்கிற முன்னொட்டும் சேர்க்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானே?” என்றார். இல்லை என்று பதில் வந்தது. முதலாவது வெறும் தகவல். இரண்டாவது, கேட்டவருக்குச் சொல்லும் பதில். மூன்றாவது, மறுப்பவருக்குச் சொல்லும் பதில். குர்ஆனின் யாசீன் அத்தியாயத்திலும் இதைப் பார்க்கலாம். 14ஆம் வசனத்தில் தூதர்கள் ‘இன்ன’வோடு பேசுகிறார்கள், ஊரார் பொய் என்றதும் 16ஆம் வசனத்தில் ‘ல’வும் சேர்ந்துகொள்கிறது.

ஜாவாவின் ஜெப்பாரா ஊரில் தேக்கு மரச்சாமான் செய்து ஏற்றுமதி செய்யும் ஒருவர், பணம் வரவில்லையோ என்று ஜித்தாவில் இருந்த வாடிக்கையாளரிடம் நாசூக்காகக் கேட்டிருந்தார். ‘இன்ன’, ‘ல’ இரண்டும் போட்டுப் பதில் வந்தது: அனுப்பியாகிவிட்டது, என்னைச் சந்தேகப்படாதே என்கிற தொனி. புதிய மொழிபெயர்ப்பாளர் அதை ‘மெய்யாகவே தொகை அனுப்பப்பட்டுள்ளது’ என்று பிரசங்கம் போல எழுதிக் கொடுத்தார். ஏற்றுமதியாளருக்கு அது மரியாதைப் பேச்சாகத்தான் பட்டது. மறுபடியும் அதே கேள்வியை அனுப்பினார். அத்தோடு அடுத்த ஆர்டர் போயிற்று.

இந்தோனேசியத்தில் இதற்கு வழி இல்லாமலா? ‘சுடா பாயார்’ என்றால் கட்டிவிட்டார். ‘மேமாங் சுடா பாயார்’ என்றால் ஆமாம், கட்டித்தான் இருக்கிறார். ‘சுடா பாயார், கொக்’ என்றால் நீங்கள் நினைப்பது போல இல்லை, கட்டிவிட்டாரே. நம் ‘தான்’, ‘ஏ’ செய்கிற வேலைதான். கடிதத்தில் ‘கொக்’ எழுத முடியாது, சரி. அங்கே ‘பெர்லு காமி தெகாஸ்கான்’, அதாவது நாங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தொடங்கினால் போதும், அந்தச் சூடு அப்படியே வந்துவிடும்.

இன்னொன்று: ‘இன்ன’ பல இடங்களில் முந்தைய வாக்கியத்துக்குக் காரணம் சொல்ல மட்டுமே வரும். அங்கே ‘ஏனென்றால்’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

கேள்விக்குறி இருந்தாலே கேள்வி என்று நினைப்பது

‘நன்மைக்கு நன்மையைத் தவிர வேறு கூலி உண்டா?’ என்று அரபி கேட்டால் பதில் எதிர்பார்க்கவில்லை, இல்லை என்கிறது. இந்தோனேசியரின் ‘சியாப்பா பிலாங்?’கும் அப்படித்தான். யார் சொன்னது என்று பெயர் தேடாதீர்கள்.

‘இன்ஷா அல்லா’வை உடனே சம்மதமாக எழுதுவது

பின்னால் நேரம் வருகிறதா பாருங்கள். ‘இன்ஷா அல்லா, மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வருகிறேன்’ என்றால் பெரும்பாலும் வருவார். சிரிப்போடு வெறும் ‘இன்ஷா அல்லா’ மட்டும் என்றால், முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஜகார்த்தாவிலும் கெய்ரோவிலும் இரண்டு வகையும் உண்டு.

‘கித்தா’, ‘காமி’ குழப்பம்

தமிழருக்கு வரவே கூடாது. ‘கித்தா’ நாம், ‘காமி’ நாங்கள்.

பெரியவரை ‘அண்டா’ என்பது

‘அண்டா’ என்றால் ‘நீங்கள்’. படிவத்திலும் விளம்பரத்திலும் இருக்கட்டும். நேரில், ஆணென்றால் பாப்பக் (ஐயா), பெண்ணென்றால் இபு (அம்மா).

அரசுச் செய்தியை அகராதியை வைத்துப் படிப்பது

இந்தோனேசியாவில் 1966 முதல் 1998 வரையிலான சுஹார்த்தோ ஆட்சியில் விலை ஏறாது, ‘சரிசெய்யப்படும்’. ஆட்கள் கைதாக மாட்டார்கள், ‘டிஅமான்கான்’, பத்திரப்படுத்தப்படுவார்கள். அந்தச் சொல் இன்னும் போகவில்லை. இன்றைய போலீஸ் செய்தியில் திருடன் பிடிபட்டாலும் டிஅமான்கான்தான், அவன் திருடிய பைக் பறிமுதல் ஆனாலும் டிஅமான்கான்தான்.