40 மீட்டர் வெர்டிகல் கட்டுறது எப்படி (எஸ்டபிள்யூஆர் ஏறினா பயப்படாதீங்க)

இது ஹாம் ரேடியோல 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) நேரா நிக்கிற ஆன்டெனா கட்டுறதைப் பத்தி, 40ங்கிறது உயரம் இல்ல. எஸ்டபிள்யூஆர்ங்கிறது அனுப்புற பவர்ல எவ்வளவு ஆன்டெனால இருந்து திரும்புதுன்னு காட்டுற எண்ணு, 1.0 இருந்தா எதுவும் திரும்பலன்னு அர்த்தம். முதல்லயே சொல்லிடுறேன், காலைல நெட்ல (எல்லாரும் ஒரே நேரத்துல ரேடியோல கூடிப் பேசுறது) சேலம் மதுரைக்காரங்களோட பேசத்தான் ஆன்டெனா வேணும்னா இதைக் கட்டாதீங்க, ஒரு இன்வர்டட் வி (தலைகீழ் V மாதிரி கட்டுற வயர் ஆன்டெனா) போட்டுட்டு நிம்மதியா இருங்க. வெர்டிகல் சிக்னலைத் தாழ்வா அடிவானத்தை ஒட்டி அனுப்பும், பக்கத்து ஊரையெல்லாம் தாண்டிப் போயிடும். எனக்கு ராத்திரில ஐரோப்பா ஜப்பான் பிடிக்கணும், வீட்டுக்குப் பின்னாடி உயரமா ரெண்டு தென்னை நிக்குது, அதான் இது. ரிக் (ரேடியோ செட்), காக்ஸ் (அதுல இருந்து ஆன்டெனாக்குப் போற கேபிள்), கனெக்டர் வைக்கிறதெல்லாம் தெரியும்னு எடுத்துக்கிறேன்.

வயர்

71.3ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா கால் அலை நீளம் மீட்டர்ல வரும், 7.1க்கு 10.04. ஆனா 10.3 மீட்டர் எடுத்துக்கோங்க, குறைக்கிறது சுலபம், வெட்டினதை ஒட்டுறது தலைவலி. நான் வீட்டு வயரிங் பண்ற 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்தான் போட்டேன், மேல பிளாஸ்டிக் உறை இருக்கறதால கணக்கை விடக் கொஞ்சம் குறைச்சல்லயே ரெசனன்ஸ் (ஆன்டெனா நம்ம அலைவரிசைக்குச் சரியாப் பொருந்துறது) வந்துடும், என்னுது 9.8ல நின்னுச்சு.

மரம் ஏறுறதை நீங்க முயற்சி பண்ணாதீங்க. தேங்காய் பறிக்க வர்றவர்கிட்ட சொல்லி ரெண்டு மரத்துக்கும் நடுவுல நைலான் கயிறு கட்டச் சொல்லுங்க, நடுவுல இருந்து வயர் தொங்கட்டும். கயிறு மட்டைக்குக் கீழ இருக்கணும், என்னோட முதல் கயிறை விழுந்த மட்டை ஒண்ணு அறுத்துடுச்சு. வயர் அறுந்து விழுந்தாலும் இபி லைன் மேல படாத இடமான்னு ரெண்டு தடவை பாருங்க, இதுல மட்டும் விளையாட்டே கூடாது.

அடித்தட்டு

கடைல ரேடியல் (ஆன்டெனா அடில இருந்து நாலா பக்கமும் விரிக்கிற வயர்) மாட்டுற பிளேட்னு விலை சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்து பழைய எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஓரம் முழுக்க துளை போட்டேன், துருவே பிடிக்கல. எவர்சில்வர்ல சாதா ஈயம் ஒட்டாது, அதனால வயர் முனைல லக் வச்சு நட்டு போல்ட்ல இறுக்குங்க. காக்ஸோட வெளி வலை தட்டுக்கு, நடுக்கம்பி தொங்குற வயருக்கு, அவ்வளவுதான்.

ரேடியல், நான் மாட்டிக்கிட்ட இடம்

முதல்ல நாலே நாலு ரேடியல் தரைல விரிச்சேன். எஸ்டபிள்யூஆர் 1.1. அடடா முதல் தடவையிலேயே வந்துடுச்சேன்னு வீட்ல எல்லாருக்கும் மீட்டரைக் காட்டினேன். ஆனா எஃப்டி8ல (கம்ப்யூட்டர் வழியா குட்டி மெசேஜ் அனுப்புற முறை) கூப்பிட்டா பதில் சுமார்தான். யாரோ ரேடியல் கூட்டுன்னாங்க, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்து 24 ஆக்கினேன், எஸ்டபிள்யூஆர் 1.3க்கு ஏறிடுச்சு! கெடுத்துட்டோம்னு நினைச்சு இருபதையும் திரும்பக் கழட்டினேன், மறுபடி 1.1 வந்ததும் நிம்மதியாத் தூங்கினேன். முட்டாள்தனம்.

என்ன நடந்துச்சுன்னா, நல்ல தரை மேல நிக்கிற கால் அலை வெர்டிகலோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 36 ஓம்தான், ரிக்கும் காக்ஸும் எதிர்பார்க்குற 50 கிடையாது. அதுக்கு மேல மீட்டர் காட்டுறதெல்லாம் தரை குடிக்கிற நஷ்டம். நாலு ரேடியல்ல எனக்கு 56 ஓம், அதாவது 36 போக 20 ஓம் மண்ணைச் சூடாக்குது, நூறு வாட் போட்டா அறுபத்து நாலுதான் வெளிய போகுது. 24 ரேடியல்ல 39 ஓம் வந்துச்சு, இப்ப தொண்ணூறுக்கு மேல. 56 கூட 39 கூட 50க்குப் பக்கம்தான், அதுல 56 இன்னும் பக்கமா இருக்கறதால மீட்டர் கெட்டதைப் பார்த்து சிரிக்குது. டம்மி லோட் (ஆன்டெனாக்குப் பதிலா மாட்டுற 50 ஓம் ரெசிஸ்டர்) கூடத்தான் 1.0 காட்டும், அதுல யார்கிட்ட பேச முடியும்?

அதனால எஸ்டபிள்யூஆர் மீட்டரை ஓரமா வச்சுட்டு ஒரு நானோவிஎன்ஏ (ஆன்டெனாவோட ரெசிஸ்டன்ஸை அளக்குற சின்னக் கருவி) வாங்குங்க, என்னைக் கேட்டா ட்யூனருக்கு (ஆன்டெனாவை ரிக்குக்கு 50 ஓம் மாதிரிக் காட்டுற பெட்டி) முன்னாடி வாங்க வேண்டியது இதுதான். ஓபன், ஷார்ட், லோட்ங்கிற அளவு சரிபார்க்குற முனை மூணையும் காக்ஸோட ஆன்டெனா முனைல வச்சு காலிப்ரேட் பண்ணுங்க, ரிக் பக்கத்துல பண்ணினா காக்ஸ் நீளமும் சேர்ந்து எண்ணு குழம்பிடும். ரேடியல் நாலு நாலா கூட்டிக்கிட்டே ரெசிஸ்டன்ஸை எழுதுங்க, எப்ப இறங்குறது நிக்குதோ அப்ப நிறுத்தலாம். தரைல கிடக்குற ரேடியலுக்கு நீளம் துல்லியமா வேணாம், அஞ்சு மீட்டர்ல நிறைய போடுறது பத்து மீட்டர்ல நாலு போடுறதை விட மேல். கொடி கட்டுற ஜிஐ கம்பி வேணாம், செம்பு போடுங்க.

மேட்சிங்

உண்மையைச் சொன்னா 1.3க்கு எதுவுமே பண்ண வேணாம். கை அரிச்சா மட்டும் ஹேர்பின் (ஆன்டெனா அடில குறுக்க மாட்டுற காயில்) போடுங்க. 32 எம்எம் பிவிசி பைப்ல அதே வயரை 9 சுத்து, மொத்தம் 3 செ.மீ நீளத்துக்குப் பரத்திச் சுத்தினா சுமார் 2.1 மைக்ரோஹென்றி வரும், ஒரு முனை வயர் அடில, இன்னொண்ணு தட்டுல. ஆனா காயிலை மட்டும் வச்சுட்டு விட்டா எஸ்டபிள்யூஆர் இன்னும் மோசமாகும், நானும் அரை நாள் சுத்துகளைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்து வெறுத்துட்டேன். வயரையும் சுமார் 25 செ.மீ குறைக்கணும், அப்பதான் ஆன்டெனா கொஞ்சம் கெபாசிட்டர் மாதிரி நடந்துக்கும், அதைக் காயில் ஈடு கட்டும்போது 39 ஓம் 50ஆத் தெரியும். வெட்டாம மேல் நுனியை மடிச்சு டேப் சுத்திப் பாருங்க, சரியா வந்தப்புறம் வெட்டிக்கலாம்.

கனெக்ஷன் மேல தானா ஒட்டுற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க, சாதா இன்சுலேஷன் டேப் நம்ம வெயிலுக்கு ஒரு கோடை கூடத் தாங்காது.

பின்சேர்க்கை

மாடிலதான் இடம்னு ரெண்டு பேர் கேட்டாங்க. மாடில தூக்கிக் கட்டுற ரேடியலுக்கு மேல சொன்ன விதி செல்லாது, அங்க ஒவ்வொண்ணும் கால் அலை நீளம் இருக்கணும், ரெண்டோ நாலோ எதிரெதிரா சமமாப் போட்டாப் போதும், நுனியில யார் கையும் படாம பார்த்துக்கோங்க, அங்க வோல்டேஜ் அதிகம். சரிவா இறக்கிக் கட்டினா ரெசிஸ்டன்ஸ் தானாவே 50 பக்கம் ஏறும், இது நஷ்டம் இல்ல, ஹேர்பினும் வேணாம். காக்ஸ்ல ஒரு சோக் (காக்ஸோட வெளிப்பக்கம் கரண்ட் ஓடாம தடுக்குறது) மட்டும் கட்டாயம், இல்லேன்னா காக்ஸே இன்னொரு ரேடியலாயிடும்.

இன்னொருத்தர் ஹேர்பின் போட்டுட்டு மல்டிமீட்டர் வச்சுப் பார்த்து ஷார்ட்டுன்னு எல்லாத்தையும் பிரிச்சுட்டாராம். பிரிக்காதீங்க, காயில் குறுக்க இருக்கறதால டிசிக்கு ஷார்ட்டாத்தான் காட்டும், வயர்ல சேர்ற ஸ்டேட்டிக்கும் அது வழியா தரைக்கு இறங்கிடும். அதுக்காக இடி மின்னல்ல காக்ஸைக் கழட்டாம விட்டுடாதீங்க, அதை அந்தக் காயில் தாங்காது.