புகையை விட்டுப் பல மாதங்கள் கழித்து ஏக்கம் திரும்பினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகரெட்டை விட்டு ஆறேழு மாதங்கள் ஆன ஒருவருக்கு, மாலையில் டீக்கடை வாசலில் நிற்கும்போது திடீரென்று ஒன்று பற்றவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதுவும் முதல் வாரத்தில் இருந்த அதே வேகத்தோடு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று மனம் உடைந்துபோகிறார். வந்திருக்கும் ஏக்கத்தை உடலின் தேவை என்று எண்ணுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சில நாட்களில் உடலை விட்டே நீங்கிவிடும். எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் தணியும். புகைத்த காலத்தில் மூளையில் பெருகியிருந்த நிகோடின் ஏற்பிகளும் (நிகோடின் வந்து பற்றிக்கொள்ளும் இடங்கள்) சுமார் 3 மாதங்களில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. ஆகவே ஆறாம் மாதத்தில் சிகரெட் கேட்பது பெரும்பாலும் நினைவுதான். டீயின் மணம், சாப்பிட்டு எழுந்த நிமிடம், இரவுப் பணியின் இடைவேளை, பழைய நண்பரின் சட்டைப் பையில் தெரியும் பெட்டி என ஒவ்வொன்றும் பல ஆண்டுகளாகச் சிகரெட்டோடு முடிச்சுப் போடப்பட்டவை. தினமும் வரும் சூழல்களில் அந்த முடிச்சு சீக்கிரம் தளர்ந்துவிடும். எப்போதாவது வருபவைதான் ஆளை அசைத்துவிடும். ஊர்த் திருவிழாவோ, துக்க வீட்டில் விடிய விடிய விழித்திருக்கும் இரவோ, சிகரெட் இல்லாமல் அதைக் கடப்பது அவருக்கு அன்றுதான் முதல்முறை. அங்கே ஏக்கம் எழுவதை மன உறுதியின் குறையாகப் பார்ப்பது நியாயமே இல்லை.

அடுத்தது, ‘ஒன்றே ஒன்று, அதனால் என்ன ஆகிவிடும்’ என்பது. எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். 2006இல் அமெரிக்காவில் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். ஓரிரு முறை புகையை இழுத்ததுமே, நிகோடின் பற்றும் முக்கிய வகை ஏற்பிகளில் பாதி நிரம்பிவிட்டது. ஒரு முழுச் சிகரெட்டில் 88 சதவீதத்துக்கும் மேல். நம் ஊரில் உதிரியாக ஒன்று வாங்குவதும் எளிது என்பதால், இந்த எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே சில நொடிகள்கூட இருப்பதில்லை.

அப்படியும் ஒன்றைப் புகைத்துவிட்டால்? ‘எல்லாம் போயிற்று’ என்று ஒரு பெட்டியே வாங்கிவிடுகிறார்கள். ஒருமுறை வழுக்கியதற்குத் தன்னையே முழுக்கக் குற்றவாளியாக்கிக்கொள்கிறவர் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக எழுதியிருக்கிறார். முதல் சிகரெட்டால் நேரும் கேட்டைவிட, அதன்பின் எழும் குற்ற உணர்வால் நேரும் கேடு பெரிது. ஆறு மாதம் புகைக்காமல் இருந்தது அந்த ஒன்றினால் அழிந்துவிடாது. மீதியைக் கசக்கி எறிந்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்தால்தான் இரண்டாவதும் வரும்.

நினைக்கவே கூடாது என்று மனதை அடக்குவதும் உதவாது. சிகரெட் பற்றிய எண்ணத்தை ஒரு வாரம் வலிந்து அடக்கியவர்கள் அடுத்த வாரம் மற்றவர்களைவிட அதிகம் புகைத்ததாக 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ‘இதோ வருகிறது, சில நிமிடங்களில் போய்விடும்’ என்று கவனித்தபடி, இடத்தை விட்டு நகர்வதே மேல். அலைமேல் மிதப்பவர் அது தணியும்வரை மிதப்பதுபோல என்று மார்லட்டே இதைச் சொல்லித்தந்தார். மாறாக, தன் உறுதியைச் சோதிக்கவென்றே புகைப்பவர்கள் நடுவில் போய் நிற்பதில் எந்த வீரமும் இல்லை. மது அருந்தும் இடத்துக்கு இது இன்னும் பொருந்தும்.

சிகரெட்டுக்குப் பதில் பீடி, ஹான்ஸ், புகையிலைப் பாக்கு என்று மாறுவது விட்டதாகவே ஆகாது. நிகோடின் அவற்றிலும் இருக்கிறது.

உதவி என்பது முதல் வாரத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்கு, விட்டுப் பல மாதங்கள் கழித்தும் தயங்காமல் பேசலாம். கட்டணம் இல்லை, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மையத்தின் வழியாகத் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. ஏக்கத்தோடு மனச்சோர்வும் தூக்கக் கெடுதலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அவர் நிகோடின் சூயிங்கம் பரிந்துரைத்தால் அதைச் சாதாரண சூயிங்கம்போல விடாமல் மெல்லக் கூடாது. மெதுவாகச் சிலமுறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். காபியோ பழச்சாறோ குடித்த 15 நிமிடங்களுக்குள் வாயில் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது, ஏக்கமும் தணியாது.