இஸ்டார்ட்டுக்கு ஒரு பேட்டரி, லைட்டுக்கு ஒரு பேட்டரி

என் நைனா காசிமேட்டில் முப்பது வருஷம் விசைப்படகுகளுக்கு ஒயரிங் வேலை பார்த்தவர். எந்தப் படகில் ஏறினாலும் முதலில் பேட்டரிப் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார். "இஸ்டார்ட் பேட்டரி தனி, லைட்டு பேட்டரி தனி. அத்தயும் இத்தயும் கலக்காதடா" என்பார். நான் படகுக்குப் போகவில்லை, வண்டிக்கு வந்துவிட்டேன். அதனால் அந்தப் பேச்சு எனக்கில்லை என்று இருந்துவிட்டேன்.

என்னுடையது பழைய டிஐ இன்ஜின் பொலேரோ கேம்பர், நாலு வீல் டிரைவ். பழவேற்காட்டுப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கொடுவாவை உயிரோடு ஏற்றி வருவது தொழில். பின் பாடியில் ரெண்டு தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்கு ஒன்றாக 12 வோல்ட் காற்று பம்பு. மீனைப் பிடித்து, எடை போட்டு, ஏற்றி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் இன்ஜினை ஓடவிட்டால் டீசல் காசு போகும், நிறுத்தினால் பம்பு பேட்டரியைக் குடிக்கும். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மணல் பாதையில் சாவியைத் திருப்புகிறேன், 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. பம்பும் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமென்றால் மணலில் வண்டி அசைந்தால்தானே? விடிந்து ஒரு டிராக்டர் வந்து இழுத்தபோது ஒரு தொட்டி மீன் போயிருந்தது. நைனாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பம்புக்கும் விளக்குக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி போடும் வேலையை அந்த வாரமே ஆரம்பித்தேன். எப்படிச் செய்தேன், எதைத் திரும்பப் பிரித்துச் செய்தேன் என்பதையெல்லாம் எழுதுகிறேன். மீன் தொட்டிக்குப் பதில் உங்களுக்கு ஃப்ரிட்ஜோ, கேம்ப் லைட்டோ இருக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். என் பம்பு ஒவ்வொன்றும் 4 ஆம்பியர், ரெண்டுக்கு 8. எல்இடி விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து ஒரு 2. ஆக 10 ஆம்பியர். நாலு மணி நேரத்துக்கு 40 ஏஎச், அதாவது ஆம்பியரை மணியால் பெருக்கிய கணக்கு. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு சுருங்கிவிடும் என்பதால் 40 தேவைப்படுகிற இடத்தில் குறைந்தது 80 இருக்க வேண்டும். நான் 100 ஏஎச் போட்டேன்.

என்ன பேட்டரி என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "இன்னொரு கார் பேட்டரிதானே, வாங்கி மாட்டு" என்பார்கள். கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. ஒரு நொடி பெரிய கரண்டைக் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏறிக்கொள்ளப் பிறந்தவை. அதை வாரத்துக்கு அஞ்சு நாள் பாதிவரை இறக்கினால் சில மாதங்களில் செத்துவிடும். நான் வாங்கியது ஈ-ரிக்‌ஷா பேட்டரி. ஆழமாக இறங்கி ஏறவும், குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கவும் செய்தது அது. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் உயரமான டியூபுலர் பேட்டரியும் இறங்கி ஏறும், ஆனால் ஆட்டத்துக்கு அது லாயக்கில்லை. காசு இருந்தால் ஏஜிஎம் என்கிற மூடிய ஈய பேட்டரி வாங்குங்கள், தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். லித்தியம் வேண்டுமென்றால் நடுவில் டிசி டிசி சார்ஜர் கட்டாயம், வோல்டேஜையும் கரண்டையும் அளந்து பின் பேட்டரிக்குக் கொடுக்கும் பெட்டி அது. நேராக இணைத்தால் லித்தியம் இழுக்கும் கரண்டில், இன்ஜின் ஓடும்போது சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம்.

அடுத்து, ரெண்டு பேட்டரிக்கும் நடுவில் உட்காரும் ஆள். இன்ஜின் ஓடும்போது ரெண்டையும் சேர்க்க வேண்டும், நின்றதும் பிரிக்க வேண்டும். நான் முதலில் போட்டது செல்ஃபுக்குப் போடுகிற சாதாரண சோலனாய்டு, காயிலின் காந்தத்தால் இழுத்துச் சேர்க்கும் சுவிட்ச். மலிவாகக் கிடைத்தது. அது சில நொடி வேலைக்கானது, மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்தபடி நிற்காது. மூன்றாம் நாளே காயில் கருகி பானெட்டுக்குள் நாற்றம். டயோடு வைத்தும் பிரிக்கலாம்தான், ஆனால் அது வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்குக் கிட்டத்தட்டத் தின்றுவிடும். கடைசியில் வி.எஸ்.ஆர். வாங்கினேன், வோல்டேஜ் பார்த்து வேலை செய்யும் ரிலே. பானெட்டுக்குள் இருக்கும் இஸ்டார்ட் பேட்டரி, அதாவது முன் பேட்டரி, சுமார் 13.3 வோல்ட்டைத் தொட்டதும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரிக்கும். நம் பழைய வண்டிகளின் ஆல்டர்னேட்டர் ஒரே சீராக 14 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதால் இதற்குக் கச்சிதம். கம்ப்யூட்டர் பார்த்து வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் புது வண்டிகளில் இந்த ரிலே தடுமாறும், அங்கே டிசி டிசி சார்ஜர்தான் வழி.

இனி கேபிள். இதில் மிச்சம் பிடிக்கப் போனால் மற்றதெல்லாம் வீண். பானெட்டிலிருந்து பின் பாடிக்கு 4 மீட்டர், திரும்பி வர 4 மீட்டர், மொத்தம் 8. இதில் 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட்டு, சார்ஜ் ஏறும்போது 40 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 14.2 கிளம்பினால் பின்னால் 13.6தான் சேரும். அந்த வோல்ட்டில் பேட்டரி ரொம்ப மெதுவாகத்தான் நிறையும். 25 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.2 வோல்ட் சொச்சம். நான் 25 போட்டேன். வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், தாராளமாகப் போடலாம். ஆனால் வாங்கும்போது ஒரு முனையைச் சீவிப் பாருங்கள். வெல்டிங் கேபிளில் அலுமினியமும் வருகிறது, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் வருகிறது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையா சிவப்பா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

கேபிள் முனைக்கு லக், அதாவது போல்ட்டில் மாட்டும் வளையம், போடுவதில் எனக்கும் நைனாவுக்கும் ஒரு சண்டையே நடந்தது. அவர் ஈயப் பற்றுக் கட்சி. நான் அழுத்திக் கடிக்கும் கிரிம்பிங் கட்சி. ஈயம் கம்பி இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், குலுங்கும் வண்டியில் விறைப்பு முடிகிற இடத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக் கடித்தேன். நைனா வந்தார், லக்கைக் கட்டிங் பிளேயரால் பிடித்தார், ஒரு காலைப் பம்பரில் ஊன்றி இழுத்தார். வரவில்லை. "இருக்கட்டும்" என்றார். அவர் வாயால் அதற்கு மேல் பாராட்டு வராது. சுத்தியலால் அடித்து லக் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது பார்வைக்கு இறுகியிருக்கும், உள்ளே காற்றுதான்.

லக் போட்டதும் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஏற்றிச் சூடு காட்டுங்கள், ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். வேறு ஊர்க்காரர்கள் இதை விட்டுவிட்டாலும் பிழைத்துக்கொள்வார்கள். திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு என்று கடலோரத்தில் வண்டி நிற்கிற நம்மால் முடியாது. உப்புக் காற்று லக் ஓரமாகவே உள்ளே புகுந்துவிடும். ஆறு மாதம் கழித்துத் தோலை உரித்தால் செம்பு ஒரு சாண் தூரம் கறுத்து, நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வெளியே பார்த்தால் கேபிள் புதுசு. என் முதல் கேபிளை அப்படித்தான் தூக்கிப் போட்டேன். ஈய முலாம் பூசிய காப்பர் கேபிளும் இருக்கிறது, படகுக்காரர்கள் வாங்குவது. விலை அதிகம், ஆனால் களிம்பு சீக்கிரம் ஏறாது.

ஃப்யூஸ் இரண்டு வேண்டும். பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கேபிளுக்கு ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது சேஸில் உரசித் தோல் போனால் ரெண்டு பக்கத்திலிருந்தும் தீ ஊட்டும். அதனால் முன் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 100 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று, பின் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இன்னொன்று. பம்பு, விளக்குகளுக்குத் தனியாகச் சின்ன ஃப்யூஸ் பாக்ஸ், பம்புக்கு 10 ஆம்பியர் வீதம். அதற்கு முன்னால், பேட்டரி ரொம்ப இறங்கினால் தானாக நிறுத்தும் ஒரு லோ வோல்டேஜ் கட் ஆஃப், 11.8 வோல்ட்டில் வைத்திருக்கிறேன். அது இல்லையென்றால் பின் பேட்டரியை ஒரே ராத்திரியில் ஒட்ட உறிஞ்சிவிடலாம்.

பேட்டரி எங்கே? கேபினுக்குள் வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பானெட்டுக்குள் இடமும் இல்லை, சூடும் அதிகம். நான் பின் பாடியில் கேபினை ஒட்டி வைத்தேன். ஒன்றரை இஞ்சு எல் ஆங்கிளில் தட்டு, அடியில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு, மேலே குறுக்குப் பட்டை, ரெண்டு பக்கமும் கொக்கி போல்ட்டு. 100 ஏஎச் பேட்டரி கிட்டத்தட்ட 30 கிலோ இருக்கும். பிரேக் அடித்தால் கையால் பிடிக்கிற பொருள் இல்லை. சேஸில் புதிதாக ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, இருக்கிற ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள், இல்லை யூ கிளாம்ப் போடுங்கள். பாடியில் வெல்டிங் வைப்பதென்றால் முதலில் பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

கேபிளை சேஸின் உள்பக்கமாக, சைலன்சர் இல்லாத பக்கம், புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு எட்டாமல் கொண்டுபோங்கள். மேலே பிளெக்சிபிள் பைப், ஒரு அடிக்கு ஒரு கட்டு, தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம். நெகட்டிவை பின் பாடித் தகட்டில் முடுக்கிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் ரப்பர், துரு, பெயிண்ட் எல்லாம் இருக்கிறது. நெகட்டிவுக்கும் அதே 25 கேபிளை முன் பேட்டரி நெகட்டிவ் வரை இழுத்தேன். கூடவே இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவிலிருந்த பழைய எர்த் பட்டையை மாற்றினேன். தொட்டதும் கையில் உதிர்ந்தது.

இணைக்கும் வரிசை இது. கையிலிருக்கும் மோதிரம், வாட்ச் முதலில் வெளியே. முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃப்யூஸ் ரெண்டையும் பிடுங்கி வையுங்கள். பாசிட்டிவ் பக்கம் முழுவதும் முடுக்குங்கள், வி.எஸ்.ஆரின் மெல்லிய எர்த் ஒயரையும் மறக்காமல் போடுங்கள். பிறகு பின் நெகட்டிவ், கடைசியில் முன் நெகட்டிவ், எல்லாம் சரி என்றால் ஃப்யூஸ்.

மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6, 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள், கொஞ்ச நேரத்தில் ரிலே 'டக்' என்று சேரும். பம்பை ஓடவிட்டு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஒரு லக்கோ எர்த்தோ மோசம், எது சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தியதும் ரிலே உடனே பிரியாது. பேட்டரி மேலாக்கில் நிற்கும் சார்ஜ் இறங்கச் சில நிமிஷம் ஆகும். இது தெரியாமல் நான் புது ரிலேயைக் கழற்றிக்கொண்டு கடைக்காரரிடம் போய் வாதாடி அசடு வழிந்தேன்.

மாதம் ஒரு தடவை டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, காயவைத்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறேன். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகக்கூடாது. டிஸ்டில் வாட்டர் அளவையும் அப்போதே பார்த்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டு சார்ஜரை மாட்டிவிடுவேன். பழவேற்காட்டிலிருந்து திரும்பும் ரெண்டு மணி நேர ஓட்டத்தில் பேட்டரி முழுதாக நிறையாது, கடைசிப் பங்கு எப்போதும் மெதுவாகத்தான் ஏறும்.

ஒருவேளை முன் பேட்டரியே செத்தால்? பின் பேட்டரி இருக்கிறதே என்று இந்தக் கேபிள் வழியாகவே செல்ஃப் அடிக்கப் பார்க்காதீர்கள். டீசல் செல்ஃப் இழுக்கும் கரண்டில் 100 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விடும். அதற்குத் தடிமனான ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எனக்கு இதுவரை தேவைப்படவில்லை. போன மாதம் மீஞ்சூர் தாண்டி நின்றுபோயிருந்த ஒரு குட்டியானைக்குத்தான் உதவியது.