'புட் ஆஃப்': தள்ளிப் போடுவதை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவோம்

"பல் டாக்டரிடம் போவதை மூணு மாசமா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்." இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருவது 'போஸ்ட்போன்'. தப்பே இல்லை. ஆனால் நண்பரிடம் அப்படிப் பேசினால் ஆபீஸ் சுற்றறிக்கை வாசிப்பது போல இருக்கும். சாதாரணப் பேச்சில் அந்த இடத்துக்கு வருவது 'புட் ஆஃப்'.

படி 1: ஜோடியாகவே மனதில் வையுங்கள்

'புட்' என்றால் போடு. 'ஆஃப்' என்றால் விலகி, அப்பால். இரண்டும் சேர்ந்ததும் பொருள் வேறு எங்கோ போய்விடுகிறது. இது நமக்குப் புதிதா என்ன? தள்ளிப் போடு, ஆறப் போடு, கிடப்பில் போடு என்கிறோம். இவற்றில் யாரும் எதையும் கையில் எடுத்துப் போடுவதில்லை. அதே கதைதான் இங்கேயும். கூடுதல் வசதி, இறந்த காலத்திலும் 'புட்' மாறாது. 'புட்டட்' என்று ஒன்று கிடையாது.

படி 2: 'அதை' எங்கே உட்காரும்?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள்.

வி புட் ஆஃப் த மீட்டிங்.
வி புட் த மீட்டிங் ஆஃப்.

இரண்டும் சரி. ஆனால் மீட்டிங் என்ற சொல்லுக்குப் பதில் 'அதை' என்று சொல்ல வந்தால் ஒரே வழிதான்: வி புட் இட் ஆஃப். 'புட் ஆஃப் இட்' என்று சொல்லவே கூடாது. இட், தெம், ஹிம் போன்ற சின்னச் சொற்கள் நடுவில்தான் உட்காரும்.

அடுத்து, ஒரு செயலைத் தள்ளிப் போடும்போது 'இங்' சேர்க்க வேண்டும். முதலில் சொன்ன பல் டாக்டர் வாக்கியம் இப்படி வரும்: ஐ கீப் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட். 'புட் ஆஃப் டு கோ' தவறு. நாம் 'போவதை' என்கிறோம் இல்லையா, அந்த 'போவதை'தான் 'கோயிங்'.

எப்போதைக்கு என்று சொல்ல 'அன்டில்'. 'வி புட் இட் ஆஃப் அன்டில் மண்டே' என்றால் திங்கட்கிழமை நடக்கும் என்று பொருள். 'அன்டில்' என்றால் 'வரை' என்று படித்திருப்பதால், திங்களும் கிடையாது, செவ்வாய்தான் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை.

படி 3: ஒரே பொருள், வேறு வேறு இடம்

கடிதம், அறிவிப்பு என்றால் 'போஸ்ட்போன்'. லத்தீனில் இதன் வேர்ப்பொருளே 'பின்னால் வை' என்பதுதான். கடன் தவணை, கல்லூரிச் சேர்க்கை போன்றவற்றுக்கு 'டிஃபர்'. கோர்ட்டிலும் நாடாளுமன்றத்திலும் 'அட்ஜர்ன்'. நம் ஊரில் வாய்தா என்கிறோமே, அதுதான். திட்டத்தையே கிடப்பில் போட்டால் 'ஷெல்வ்', அலமாரியில் தூக்கி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். சோம்பலில் நாளை நாளை என்று கடத்தினால் 'ப்ரொக்ராஸ்டினேட்'. அதற்குள் இருக்கும் 'க்ராஸ்' என்ற துண்டுக்கு லத்தீனில் 'நாளை' என்றே பொருள். சோம்பேறித்தனத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

'டிலே' கொஞ்சம் வேறு. ரயில் லேட்டானால் 'டிலேய்ட்'. அதை 'புட் ஆஃப்' என்று சொல்ல முடியாது. யாராவது முடிவெடுத்துத் தள்ளி வைத்தால்தான் 'புட் ஆஃப்'.

எதிர்ச்சொல்லாக நாம் தாராளமாகப் புழங்கும் 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலம். வெளிநாட்டுக்காரர் பலருக்குப் புரியாது, அவர்களிடம் 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று சொல்லுங்கள்.

படி 4: 'கால் ஆஃப்' உடன் குழப்பாதீர்கள்

ஒருமுறை கூட்டத்தை வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாற்றிவிட்டு, 'மீட்டிங் கால்ட் ஆஃப்' என்று எல்லோருக்கும் மெசேஜ் போட்டேன். வெள்ளிக்கிழமை அறையில் நான் ஒருவன்தான். 'கால் ஆஃப்' என்றால் ரத்து, மறுதேதியே கிடையாது.

ஒலிம்பிக்ஸை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. டோக்கியோவில் 2020-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2021-க்குப் போனது. அது 'புட் ஆஃப்'. 1916, 1940, 1944 போட்டிகள் உலகப் போர்களால் நடக்கவே இல்லை. அவை 'கால்ட் ஆஃப்'.

படி 5: இன்னொரு முகம்

த ஸ்மெல் புட் மி ஆஃப். இங்கே எதையும் தள்ளிப் போடவில்லை. அந்த நாற்றத்திலேயே சாப்பிடும் ஆசை போய்விட்டது என்று பொருள். பக்கத்துச் சொற்கள் 'டிஸ்கஸ்ட்', 'டிஸ்கரேஜ்'. அப்படி முகம் சுளிக்க வைக்கும் எதுவும் 'ஆஃப் புட்டிங்'. ஆளைத் தள்ளிப் போடுவதும் உண்டு: ஹி கீப்ஸ் புட்டிங் மி ஆஃப். கொடுத்த கடனைக் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

அப்புறம் 'புட் ஆஃப் த லைட்' என்பது நம் வீடுகளில் சகஜம். அதற்கு 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்' என்று பழகிக்கொள்வது நல்லது.

சரி, இப்போது உங்கள் முறை. கீழே உள்ள மூன்றையும் 'புட் ஆஃப்' வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

1. கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.
2. அதைத் தள்ளிப் போடாதே.
3. அவர் பேசின விதத்திலேயே எனக்கு வெறுத்துப் போச்சு.

விடைகள்:
1. தே புட் ஆஃப் த வெட்டிங் அன்டில் தை.
2. டோன்ட் புட் இட் ஆஃப்.
3. த வே ஹி டாக்ட் புட் மி ஆஃப்.

இரண்டாவதில் 'இட்' நடுவில் வந்ததா? வராவிட்டால் படி 2-ஐ இன்னொரு தடவை பாருங்கள்.