‘நல்லாருக்கு’ என்று எழுதாமல் ஒரு கேமை விமர்சிப்பது எப்படி

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பகலில் வேலை. ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்கு மேல் கேம். சில வருடங்களாகத் தமிழில் கேம் விமர்சனம் எழுதுகிறேன். ஆரம்பத்தில் எழுதியதை இன்று எடுத்துப் படித்தால் ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கிறது: எனக்குப் பிடித்தது, அல்லது பிடிக்கவில்லை.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் சித்தி மகன் ஒருநாள் போன் போட்டான். “அண்ணே, கிராபிக்ஸ் அருமை, கதை சூப்பர்னு எழுதிருக்கிய. சரி. அந்த கேம்ல நான் என்னத்தச் செய்யணும்?” நானூறு சொல் எழுதியிருந்தேன். அவன் கேட்டதற்குப் பதில் அதில் எங்கேயும் இல்லை. சேர்த்து வைத்த காசில் வருடத்துக்கு இரண்டு கேம் வாங்குகிற பையன் அவன். அவனை நினைத்துத்தான் அதற்கப்புறம் என் முறையை மாற்றினேன். புதிதாக எழுத வருகிறவர்களுக்காக அந்த முறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். போனில் குறிப்பு எடுக்காதீர்கள், போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் போய் நிற்போம். நோட்டில் இடது ஓரம் மணி, பக்கத்தில் என்ன நடந்தது என்பது. விளையாடும்போது அபிப்பிராயம் எழுதவே கூடாது. கை என்ன செய்தது, திரையில் என்ன ஆனது, அவ்வளவுதான்.

2018ல் வந்த ‘செலஸ்ட்’ விளையாடியபோது என் நோட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது: “10.12. விளிம்பைத் தாண்டின பிறகுதான் பட்டனை அமுக்கினேன். ஆனாலும் குதித்துவிட்டாள். எப்படி?” மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிற கேம் அது. குதிப்பது, காற்றில் பாய்வது, சுவரைப் பிடித்து ஏறுவது, இந்த மூன்றுதான் வேலை. என் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், டெவலப்பர்கள் அதற்கு ‘கயோட்டி டைம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். கால் நழுவிய பிறகும் சில ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம்) வரைக்கும் குதிக்கும் பட்டனை கேம் ஏற்றுக்கொள்கிறது. விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடினால் ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. கண்ணுக்குத் தெரியாத நேரம், ஆனால் கைக்குத் தெரியும். நோட்டு இல்லாவிட்டால் ‘கன்ட்ரோல் சூப்பர்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். நோட்டு இருந்ததால், நான் தாமதமாக அமுக்கியதையும் கேம் என்னைக் கண்டும் காணாமல் தூக்கிவிட்டதையும், அதனால் எத்தனை தடவை விழுந்தாலும் கோபம் வராமல் போனதையும் எழுத முடிந்தது.

அடுத்தது நான் செய்த ஒரு தப்பு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

‘ஹாலோ நைட்’ 2017ல் வந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சின்னக் குழு செய்தது. மூன்று மணி நேரம் விளையாடிவிட்டு, “மேப் சரியில்லை, நாம் எங்கே நிற்கிறோம் என்றே காட்டவில்லை, இது பெரிய குறை” என்று எழுதி வெளியிட்டேன். பிறகு தொடர்ந்து விளையாடினேன். ஒரு புதிய பகுதிக்குள் நுழைந்தால் மேப் கிடையாது. தரையில் சிதறிக் கிடக்கும் காகிதங்களைப் பார்த்து, எங்கேயோ ஒருவர் முணுமுணுத்துப் பாடும் சத்தத்தைப் பின்தொடர்ந்து போனால் கார்னிஃபர் என்ற மேப் வரைகிறவர் உட்கார்ந்திருப்பார். காசு கொடுத்து அவரிடம் அரைகுறை மேப்பை வாங்க வேண்டும். நாம் நிற்கும் இடம் அதில் தெரிய வேண்டுமானால் திசைகாட்டி ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும், அது இன்னொரு நல்ல பொருளுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பார்த்த இடங்கள் மேப்பில் ஏறுவதற்கு ஒரு பெஞ்சில் போய் உட்கார வேண்டும். வேண்டுமென்றே நம்மைத் தொலைய விடுகிறார்கள். நான் குறை என்று எழுதியதுதான் அந்த கேமின் உயிர். விமர்சனத்தை எடுத்துவிட்டு, முப்பது மணி நேரம் கழித்து வேறொன்று எழுதினேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். எரிச்சல் வருகிற ஒவ்வொரு இடத்திலும் நோட்டில் ஒரு சுழி போட்டு, “இதைத் தெரிந்தே வைத்தார்களா?” என்று எழுதுவேன். தெரிந்தே வைத்தார்கள் என்றால் அதோடு மன்னிப்பு முடிந்துவிடாது. அது எனக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. தொலைந்துபோன பயம், பிறகு அந்த முணுமுணுப்பு காதில் விழும்போது வரும் நிம்மதி, இது ஹாலோ நைட் கொடுத்தது. 2025 செப்டம்பரில் வந்த அதன் அடுத்த பாகம் ‘சில்க்ஸாங்’ விஷயத்தில் என் பதில் வேறு. ஆரம்பத்தில் ஐந்து உயிர்தான். பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டை எடுக்கிறார்கள். ஆக மூன்று அடி வாங்கினால் செத்தோம். அது பரவாயில்லை. செத்தபின் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து, பாஸ் என்கிற பெரிய எதிரி இருக்கும் இடத்துக்கு மறுபடி மறுபடி ஓடுவதுதான் சில இடங்களில் எனக்குப் பாரமாக இருந்தது. அந்த ஓட்டம் மூன்றாவது தடவைக்குப் பிறகு எனக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை. ‘ரொம்பக் கஷ்டம்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை அடியில் சாவு, எத்தனை தடவை செத்தீர்கள், திரும்பிப் போக எவ்வளவு நேரம், இதை எழுதுங்கள். அவர் தன் பொறுமைக்கு ஏற்ப முடிவு செய்துகொள்வார்.

நமக்கு நெருக்கமான கேமை எழுதுவது இன்னும் சிரமம். ‘வெண்பா’ 2023 ஜூலையில் வந்தது, டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு குடும்பம். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு நைந்துபோய் அங்கங்கே எழுத்து அழிந்திருக்கிறது. விட்டுப்போனதை யோசித்து நாம் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எந்த வாக்கில் அடுக்குவது என்பதுதான் அங்கே கேள்வி. மேல்தட்டின் ஓட்டை கீழ்த்தட்டு இட்லிக்கு நேராக வர வேண்டும், குழிக்கு நேரே குழி வந்தால் இட்லி நசுங்கும், ஆவியும் ஏறாது என்று என் ஆச்சி ஈரத்துணியை விரித்துக்கொண்டே சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. கன்ட்ரோலரை எடுத்த கையில் இட்லிக் கொப்பரைச் சூடு தெரிந்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். கலங்கியது உண்மை, அதை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் இட்லித் தட்டையே பார்த்திராத ஒருவருக்கு அது புதிர், எனக்கு அது ஞாபகம். இந்த வித்தியாசத்தை விமர்சனத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் நோட்டுக்குத் திரும்புங்கள். ஒரே உட்காரலில் முடிந்துவிடுகிறது. தப்பாகச் செய்தால் உடனே மறுபடி தொடங்கலாம், அதனால் பதற்றம் இல்லை. சமையல் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பது என் குறை. பாட்டுகள் ஒவ்வொரு காலகட்டத்துத் தமிழ் சினிமா இசையின் சாயலில் மாறிக்கொண்டே வருவது என் நிறை, வெளிநாட்டு விமர்சகரைவிட அதை நம்மால் நுணுக்கமாகச் சொல்ல முடியும். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக கேம் விருதை வாங்கிய கேம் அது. நம் சலுகை அதற்குத் தேவையில்லை.

இன்னொன்றும் அதில் கற்றுக்கொண்டேன். எங்கள் ஊர் சொதி அதில் இல்லையே என்று எனக்கு ஏக்கம். மறுவீட்டுக்குத் தேங்காய்ப் பாலில் வைக்கிற சொதி. மூன்றாம் பாலில் காய் வெந்து, இரண்டாம் பால் சேர்ந்து, கடைசியில் முதல் பால் ஊற்றியபின் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். அது எவ்வளவு நல்ல புதிராக இருக்கும் என்று அரைப் பக்கம் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். கையில் இருக்கிற கேமைத்தான் விமர்சிக்க வேண்டும், மனதில் இருக்கிற கேமை வேண்டுமானால் நாமே ஒருநாள் செய்யலாம்.

கதையே இல்லாத கேமை எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்துக் கணக்கோடு காட்டுங்கள். ‘பலாட்ரோ’ 2024 பிப்ரவரியில் வந்தது, லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒருவர் தனியாகச் செய்தது. போக்கர் சீட்டை வைத்து விளையாடுவது. இரண்டு ஏழு கையில் இருக்கிறது, ஜோடியாக இறக்குகிறோம். ஜோடிக்கு அடிப்படை 10 புள்ளி, இரண்டு ஏழுக்கு 14, ஆக 24. ஜோடியின் பெருக்கல் 2. 48 கிடைத்தது. முதல் சுற்றைத் தாண்ட 300 வேண்டும். இப்போது பெருக்கலில் 4 கூட்டித் தருகிற சாதாரண ஜோக்கர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அதே இரண்டு ஏழை இறக்குகிறோம். 24 பெருக்கல் 6, அதாவது 144. சீட்டு மாறவில்லை, விதி மாறிவிட்டது. இப்படி 150 ஜோக்கர் இருக்கிறது. இதைப் படித்தவருக்கு ராத்திரி இரண்டு மணி வரை நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்பது தானாகப் புரியும். ‘அடிக்டிவ்’ என்ற சொல்லே தேவைப்படாது.

நம் வீடுகளில் சீட்டு என்றாலே சூதாட்டமா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அதில் உண்மைக் காசைப் பந்தயம் கட்டுவது கிடையாது என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகியே அதற்கு ஒருகட்டத்தில் 18 வயது என்று போட்டு, 2025 பிப்ரவரியில் 12 ஆகக் குறைத்தது.

பெரிய கம்பெனி கேம், சின்னக் குழுவோ தனி ஆளோ செய்கிற இண்டி கேம் என்று இரண்டு அளவுகோல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் செய்தார், ஐந்நூறு பேர் செய்தார்கள் என்பதைச் சொல்லலாம். ஆனால் வாங்குகிறவரின் சாயங்காலம் இரண்டுக்கும் ஒன்றுதான். பெரிய கேமில் கூடுதலாகச் செய்ய வேண்டியது, உங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்வது. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. ‘லேக் ஆகிறது’ என்று மட்டும் எழுதாமல், எந்த செட்டிங்கில், எந்த இடத்தில், எத்தனை ஃப்ரேமுக்கு இறங்கியது என்று எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட மெஷினில்தான் விளையாடுகிறார்கள்.

தேதியும் வெர்ஷன் நம்பரும் கட்டாயம். ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பரில் வந்தபோது இருந்த நிலையில், ஒரே வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்தது. 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்தபின் விளையாடியவர் வேறொரு கேமை விளையாடினார் என்றே சொல்லலாம். தேதி இல்லாத விமர்சனம் இதில் யாருக்கு உதவும்? எங்கே நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். முடிக்காமல் எழுதுவது குற்றமில்லை, முடித்த மாதிரி எழுதுவதுதான் குற்றம்.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் முதல் இரண்டு மணி நேரத்துக்கு என் விமர்சனத்தில் தனியாக ஒரு பத்தி உண்டு. அந்த நேரத்துக்குள் கேமின் உண்மை முகம் தெரியுமா, தெரியாதா? ஹாலோ நைட் மாதிரி மெதுவாகத் திறக்கிற கேம் என்றால், “இரண்டு மணியில் முடிவு செய்யாதீர்கள்” என்று நேராக எழுதிவிடுவேன்.

மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டேன். 2010ல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமைச் செய்த அப்சிடியன் குழுவுக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. அதைச் செய்தவர்களில் ஒருவரே 2012ல் இதைச் சொன்னார். எங்கேயோ ஒருவர் எட்டா, எட்டரையா என்று யோசித்துப் போட்ட நம்பர் இன்னொருவர் வீட்டுச் சம்பளத்தில் போய் விழுகிறது. எனக்கு மனசு வரவில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சேவ், பாஸ், லோடிங், பட்டன் என்று எல்லாரும் சொல்வதை அப்படியே எழுதுங்கள், யாரும் சொல்லாத சொல்லை உண்டாக்கி வாசிப்பவரைத் திணறவிட வேண்டாம். வினைச்சொற்களில் மட்டும் தமிழை நன்றாக அள்ளிக்கொள்ளுங்கள். பாய்ந்தான், நழுவினான், பதுங்கினான், தொற்றினான், எக்கினான். கேம் என்பது அசைவு. அசைவைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை.

எழுதி முடித்ததும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். நான் சித்தி மகனுக்குப் போனில் வாசிப்பேன். பலாட்ரோ விமர்சனத்தில் 48 எப்படி 144 ஆனது என்ற இடம் வந்ததும், “இருங்கண்ணே, பைய வாசிங்க” என்றான். அந்தப் பத்தியை உடைத்து மறுபடி எழுதினேன். இரண்டாவது தடவை முழுசாகக் கேட்டுவிட்டு, “புரிஞ்சிட்டு. ஆனா எனக்கு இது ஆகாதுண்ணே, ஓடவும் இல்ல, சண்டையும் இல்ல” என்றான். அந்த வரியையும் விமர்சனத்தில் சேர்த்துவிட்டு வெளியிட்டேன்.