சிஜி மேல் கிரெயின்: நீலச் சேனலைப் பார்க்காமல் முடிக்காதீர்கள்

ஒரு ப்ளேட்டில், அதாவது கேமராவில் எடுத்த அசல் படத்தில், சிஜி (கணினியில் உருவாக்கிய) டப்பா ஒன்றை வைத்தேன். ஒளி, நிழல், நிறம் எல்லாம் சரி. ஆனாலும் ஓட்டிப் பார்த்தால் டப்பா ஒட்டவே இல்லை. சுற்றியிருந்த படம் முழுக்கப் பொடிப்பொடியாக அசைய, டப்பா மட்டும் வழவழவென்று நின்றது. அந்தப் பொடிதான் கிரெயின். இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு பிடிபட்ட வழி இது. படங்களை ஒன்றுசேர்க்கும் மென்பொருளான நியூக்கை வைத்துச் சொல்கிறேன், நோட்களை இணைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ப்ளேட்டை டீநாய்ஸ் செய்து (கிரெயினை நீக்கி), அந்தச் சுத்தமான படத்தின் மேல் டப்பாவைக் காம்ப் செய்யுங்கள் (சேருங்கள்). டீஃபோகஸ், மோஷன் ப்ளர், லென்ஸ் டிஸ்டார்ஷன் எல்லாம் கிரெயினுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கிரெயின் பிறப்பது லென்ஸுக்குப் பின்னால், பிலிமிலோ சென்சாரிலோதான்.

அடுத்து, மெர்ஜில் மைனஸ் போட்டு அசல் ப்ளேட்டிலிருந்து சுத்தமானதைக் கழியுங்கள். மிஞ்சுவதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். வெறும் பொடி தெரிந்தால் நல்லது. முகத்தின் கோடோ சுவரின் விளிம்போ தெரிந்தால் டீநாய்ஸ் விவரத்தையும் சேர்த்துத் தின்கிறது, குறையுங்கள்.

இப்போது காம்பின் மேல் கிரெயின் நோட். அதில் கோடாக் 5248 போன்ற பிலிம்களுக்கான பிரீசெட்கள் (ஆயத்த அளவுகள்) இருக்கின்றன, எனக்குப் பிடிக்காது. ஸ்கேன் அளவு மாறினால் பொடியின் அளவும் மாறிவிடும், கையால் வைப்பதே மேல்.

நான் விழுந்த குழி இங்கேதான். மூன்று சேனலையும் சேர்த்துப் பார்த்தே அளவு வைத்தேன், பொருந்திவிட்டது என்று நினைத்துத் தூங்கப் போனேன், மறுநாள் வியூவரில் காமாவை ஏற்றியதும் டப்பா மறுபடி துருத்திக்கொண்டு நின்றது. குற்றவாளி நீலச் சேனல். பெரும்பாலும் அதில்தான் கிரெயின் பருமனாகவும் பலமாகவும் இருக்கும், சேர்த்துப் பார்க்கும்போது கண்ணுக்குச் சிக்காது. அதனால் 100 சதவீத ஜூமில் ஒவ்வொரு சேனலாகப் பாருங்கள். முதலில் சைஸ், அப்புறம் இன்டென்சிட்டி. சைஸ் தப்பாக இருக்கும்போது இன்டென்சிட்டியை எவ்வளவு திருகினாலும் வேலைக்கு ஆகாது. ஒப்பிடும் இடமும் முக்கியம்: டப்பா இருட்டாக இருந்தால் ப்ளேட்டிலும் அதே அளவு இருட்டான, வெறுமையான இடத்தைப் பிடியுங்கள், வானத்தை அல்ல. ஒரே ஃப்ரேமில் நின்று முடிவெடுக்காதீர்கள், ஓடவிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, மாஸ்க் (எந்தப் பகுதி என்று காட்டும் படம்) வழியே இரண்டு படங்களைக் கலக்கும் கீமிக்ஸ் நோட்டை வைத்து டப்பாவுக்கு வெளியே அசல் ப்ளேட்டையே திரும்பக் கொண்டுவாருங்கள். தொடாத பிக்சல் தொடாததாகவே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: கீமிக்ஸ் போட்டதும் தரையில் விழுந்த நிழல் காணாமல் போனதாக ஒருவர் எழுதியிருந்தார். டப்பாவின் ஆல்ஃபாவை (டப்பா நிற்கும் பகுதியைக் காட்டும் சேனலை) மட்டும் மாஸ்க்காகக் கொடுத்திருப்பார், நிழலின் மாஸ்க்கையும் சேர்க்க வேண்டும். கழித்து எடுத்த கிரெயினையே நேரே கூட்டினால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். தாராளமாகச் செய்யலாம், எனக்கும் அதுதான் வேகம். ஆனால் வெளிச்சமான சுவரை மறைத்து இருட்டான டப்பா நின்றால், லீனியரில் (காமா ஏற்றாத ஒளி அளவுகளில்) சுவருடைய பலத்த கிரெயின் டப்பா மேல் ஏறிக் கொதிப்பது போல இருக்கும். அந்த இடத்தில் மட்டும் கிரெயின் நோட்டுக்கே திரும்புங்கள்.